முட்டைத் தட்டும் புளியங்கொட்டையும்

அன்புள்ள ஆசிரியைக்கு,

சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டப் பள்ளிகளின் ஆசிரியர்களைக் கேமரன் மலையின் கியா பார்முக்கு ஒருநாள் வரவழைத்து, வகுப்பறை விளையாட்டுகளை அவர்களே உருவாக்கப் பழக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். கணினியும் கைப்பேசியும் வேண்டாம் என்ற முடிவு நல்லதுதான். ஆனால் நிகழ்ச்சி நிரலில் 'விளையாட்டின் பயன்கள்' என்று ஒரு மணி நேர உரை இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். 2011இல் கே.எஸ்.எஸ்.ஆர். என்ற தொடக்கப் பள்ளிக் கலைத்திட்டம் வந்த நாளிலிருந்து மகிழ்வாகக் கற்பிப்பது பற்றிக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்துப் போயிருக்கும். ஒரு விளையாட்டு எந்த இடத்தில் பாடமாகிறது, எந்த இடத்தில் வெறும் ஜிகினாவாக நின்றுவிடுகிறது என்பதைத்தான் அவர்கள் அன்று கையால் செய்து பார்க்க வேண்டும்.

விளையாட்டு செய்யச் சொன்னால் பெரும்பாலோர் முதலில் வரைவது பாம்பும் ஏணியும். கட்டத்தில் நின்றால் கேள்வி அட்டையை எடு, சரியாகச் சொன்னால் ஏறு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஆட்டத்தை நடத்துவது பகடைக்காய். ல, ள, ழ வேறுபாடு துளியும் தெரியாத பிள்ளை நாலு முறை ஆறு போட்டு ஜெயித்துவிடும். கேள்வி அட்டைகளைத் தூக்கி எறிந்துவிட்டாலும் ஆட்டம் குறையில்லாமல் நடக்கும். அப்படியென்றால் தேர்வுத் தாளைக் கத்தரித்துப் பலகையில் ஒட்டியதுதான் மிச்சம். வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடிய பரமபதத்தின் கதை வேறு. அதில் ஏணிகள் நற்குணங்கள், பாம்புகள் தீய குணங்கள். ஏறுவதும் சறுக்குவதுமே அது சொல்ல வந்த சேதி. விதியைப் பிடுங்கினால் சேதியும் போய்விடும். நம் ஆசிரியர்கள் அதன் கட்டங்களை எடுத்துக்கொண்டார்கள், அந்தச் சூட்சுமத்தை விட்டுவிட்டார்கள்.

அதே ல, ள, ழவுக்கு வேறொன்று செய்து பார்க்கலாம். மலை, மழை, புலி, புளி, பல்லி, பள்ளி, தலை, தழை. எல்லாமே படமாக வரையக்கூடியவை. இரண்டு பிள்ளைகள் முதுகோடு முதுகாக உட்காரட்டும். இருவர் முன்னாலும் ஒரே எட்டுப் படங்கள். ஒருத்தி தன் படங்களை விரும்பியபடி வரிசையாக அடுக்கிவிட்டு வாயால் மட்டும் சொல்ல வேண்டும். மற்றவன் அதே வரிசையில் அடுக்க வேண்டும். முடிந்ததும் திரும்பிப் பார்ப்பார்கள். மழை இருக்க வேண்டிய இடத்தில் மலை நின்றால் அங்கேயே வழக்கு தொடங்கிவிடும். 'நீ சொன்னது சரியில்லை', 'நீ கேட்டது சரியில்லை' என்று இருவரும் மோதிக்கொள்ளும்போது நாக்கு எங்கே மடிகிறது என்பதை ஆசிரியர் சொல்லாமலே தேடுவார்கள். இந்த ஆட்டத்திலிருந்து ழகரத்தைக் கழற்றவே முடியாது.

உங்கள் பள்ளியில் மாணவர் குறைவு, முதலாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் ஒரே அறையில் என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் ஒரு வசதியாகவே பார்க்கிறேன். மளிகைக் கடையில் முட்டைத் தட்டு கேட்டு வாங்குங்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று குழி: வலது ஓரம் ஒன்று, நடுவில் பத்து, இடது ஓரம் நூறு. பல்லாங்குழி போன்ற சோங்காக் ஆடிய கைகளுக்குக் குழியும் கொட்டையும் புதிதல்ல. இரண்டு பகடைகளை உருட்டி, விழுந்த எண்ணிக்கையில் கொட்டைகளை ஒன்றின் குழியில் போட வேண்டும். அங்கே பத்து சேர்ந்ததும் பத்தையும் அள்ளிவிட்டு நடுக்குழியில் ஒரே ஒரு கொட்டை. முதலாம் ஆண்டுப் பிள்ளை சுழியத்திலிருந்து நூறுக்கு ஏறட்டும். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை நூறின் குழியில் ஒற்றைக் கொட்டையோடு தொடங்கிச் சுழியத்துக்கு இறங்கட்டும். முதல் உருட்டலில் ஏழு விழுகிறது. எடுக்க ஏழு கொட்டை எங்கே இருக்கிறது? அந்த ஒற்றைக் கொட்டையைக் கொடுத்துப் பத்து வாங்கி நடுவில் போட்டு, அதில் ஒன்றைக் கொடுத்து மறுபடி பத்து வாங்கினால்தான் ஏழை எடுக்க முடியும். 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று கரும்பலகையில் மாரடித்துச் சொல்லிக்கொடுப்பது, இங்கே ஆட முடியாமல் தவிக்கும் ஒரு பிள்ளையின் அவசரத் தேவையாகிவிடுகிறது. இருவரும் ஒரே தட்டில், ஒரே போட்டியில், வெவ்வேறு பாடத்தில்.

2021இல் யு.பி.எஸ்.ஆர். என்ற ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வு ஒழிந்த பிறகு வகுப்பறை மதிப்பீட்டுப் பாரங்களை நிரப்பியே களைத்துப்போன ஆசிரியர்களுக்கு இன்னொன்றையும் காட்டுங்கள். பதின்மூன்று கொட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணுகிற பிள்ளையும், பத்தை ஒரே கையில் ஒதுக்கிவிட்டு 'மூணு மிச்சம்' என்கிற பிள்ளையும் எழுத்துத் தேர்வில் ஒரே விடையைத்தான் எழுதுவார்கள். முட்டைத் தட்டில் அவர்கள் வேறு வேறு ஆட்கள்.

தமிழ்நாட்டு அனுபவம் ஒன்று உங்களுக்கு உதவும். அதன் வேர் ஆந்திராவில். அங்கே மதனப்பள்ளிப் பக்கம் ரிஷிவேலியைச் சுற்றியுள்ள சிறு கிராமப் பள்ளிகளில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை நடத்துவதற்காகப் பத்மநாப ராவும் ரமாவும் அட்டைகளும் கற்றல் ஏணியும் உருவாக்கினார்கள். அதற்கு முன்னோடி, கர்நாடகத்தின் நீல்பாக் பள்ளியில் டேவிட் ஹார்ஸ்பரோ செய்த வேலை. சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 2003இல் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் பின்னால் நின்று தள்ளினார். சில ஆண்டுகளில் அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுக்கப் பரவியது. அட்டையைத் தானே வெட்டி, பிள்ளையிடம் கொடுத்து, அது தடுமாறியதும் திருத்திய ஆசிரியருக்கு ஒவ்வொரு அட்டையும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியும். அச்சிட்ட பெட்டி வந்து சேர்ந்த பள்ளியில், ஓர் அட்டை தொலைந்தால் அடுத்த பெட்டிக்குத்தான் காத்திருக்க வேண்டும். என் கணிப்பில் அந்த முயற்சியின் பலமும் பலவீனமும் இங்கேதான் பிரிந்தன. ஆகவே தயாரான விளையாட்டுகளைப் பை நிறையக் கொடுத்தனுப்பாதீர்கள். நான் மேலே எழுதியவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காலையில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆட்டத்தை ஆடவிடுங்கள், ஐந்தாங்கல் போதும். பிறகு ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றி மறுபடி ஆடச் சொல்லுங்கள். யாருக்குச் சுலபமானது, யார் எரிச்சலானார், எங்கே சிரிப்பு நின்றது என்று பேசட்டும். பிற்பகலில் பிள்ளைகளை வரவழையுங்கள். ஆட்டத்தை உருவாக்கியவர் விதியை ஒரு முறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களுக்கு இது மகா சிரமம்; எனக்கும்தான். 'இப்படி இல்லம்மா' என்று கை தானாக நீளும். நீளாமல் இருந்தால்தான், தோற்ற பிள்ளையை 'அவுட்' ஆக்கும் ஆட்டத்தில், அதிகம் பழக வேண்டிய பிள்ளையே முதலில் வெளியே போய் ஓரமாக உட்காருவது கண்ணில் படும். ஆறு பேருக்கு ஒரு பகடை என்றால் ஐந்து பேர் எப்போதும் சும்மா இருப்பதும் தெரியும். அன்று மாலையே அந்த ஆட்டத்தை உடைத்து மாற்றி எழுதட்டும்.

சில்லறை விஷயங்கள். பள்ளி விடுமுறைச் சனிக்கிழமையில் வைக்காதீர்கள். ஸ்ட்ராபெரி வாங்க வரும் கார்களின் வரிசையில் ரிங்லெட்டிலிருந்து வரும் ஆசிரியர்கள் மாட்டிக்கொள்வார்கள், நீங்கள் மதியம்தான் தொடங்குவீர்கள். உங்கள் மூடுபனிக்கு மணிலா அட்டை தாங்காது, சுருண்டுவிடும். படங்களைப் போத்தல் மூடிகளின் உள்ளே ஒட்டுங்கள். கொட்டைக்குச் சந்தையில் விற்கும் சோளம் கைவசம் இருக்கிறதே என்று ஆசை வரும். ஈரச் சோளம் பூஞ்சை பிடிக்கும். தோட்ட வீடுகளில் ரசத்துக்குக் கரைத்த புளியின் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு தட்டுக்கு ஐம்பது இருந்தால் தாராளம்.

உங்கள் ஆசிரியர்கள் முதலில் எழுதிய விதியையும் பிள்ளைகள் ஆடிய பிறகு திருத்திய விதியையும் சேர்த்தே அனுப்புங்கள். திருத்தியது மட்டும் வந்தால் எனக்கு உபயோகமில்லை.

அன்புடன்.