எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க!

ராஜபாளையத்தில் எங்க வீட்டு பின்கோடு 626117. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமா வீட்டுக்கு 626125. இரண்டுக்கும் சராசரி 626121. இந்த விடைக்கு ஏதாவது அர்த்தம் உண்டா? கிடையாது! ஏன்?

1946-இல் அமெரிக்க உளவியலாளர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் அளவைகளை நான்காகப் பிரித்தார்.

1. பெயரளவை: பெயருக்குப் பதில் எண். உ-ம்: பின்கோடு. இதில் எத்தனை பேர் என்று எண்ணலாம், அவ்வளவுதான். இரு வகுப்புகளை ஒப்பிட கை-வர்க்கச் சோதனை.

2. வரிசை அளவை: ரேங்க். முதல் ரேங்குக்கும் இரண்டாவதுக்கும் ஒரே மார்க் வித்தியாசம் இருக்கலாம். அடுத்ததுக்கு நாற்பது இருக்கலாம். ஒப்பிட மான்-விட்னி சோதனை.

3. இடைவெளி அளவை: வெப்பநிலை. 40 டிகிரி செல்சியஸ், 20 டிகிரியைப் போல இரு மடங்கு சூடு அல்ல. ஆனால் சராசரி எடுக்கலாம். 'டி' சோதனை பொருந்தும்.

4. விகித அளவை: பால்கோவா எடை. 2 கிலோ, 1 கிலோவைப் போல இரு மடங்கேதான்! இதற்கும் 'டி' சோதனை.

சரி, "பரீட்சை பயம் எவ்வளவு? 1 முதல் 5 வரை போடு" என்றால்? 4 போட்டவனுக்கு 2 போட்டவனைப் போல இரு மடங்கு பயம் என்று சொல்ல முடியாது. அது வரிசைதான். சிலர் இதற்கும் சராசரி எடுக்கிறார்கள். அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

ரேங்க் கார்டைப் பார்த்து அழும் தோழர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ரேங்க் உன் இடத்தைச் சொல்லும், தூரத்தைச் சொல்லாது!