கல்நரம்பும் பொன்னும்

பாறைப் பிளவுகளில் வெண்ணிறக் கோடுகள் நரம்புபோல் ஓடுவதைப் பலரும் கண்டிருப்பர். நிலத்தின் ஆழத்தில் கொதிக்கும் நீர், மணற்சத்தாகிய சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு பிளவுகளின் வழியே மேலேறுகிறது. குளிர்ந்ததும் அச்சத்து உறைந்து குவார்ட்ஸ் என்னும் கல்லாகிறது. ஊர்வழக்கில் அதனை வெங்கச்சான் கல் என்பர். அந்நீரில் பொன்னும் கரைந்திருந்தால் அதுவும் அங்கேயே படியும். ஆயினும் பொன் படிந்த நரம்புகள் மிகச் சிலவே.

தேர்ந்தவர் கண் தூய வெண்மையில் நிற்பதில்லை. துருவேறிய பழுப்பு நிறத்தையும், பூச்சி அரித்தாற்போன்ற சிறு பொந்துகளையும் அது நாடும். பல இடங்களில் பொன்னோடு பைரைட் என்னும் இரும்புக் கனிமமும் சேர்ந்திருக்கும். மழையிலும் காற்றிலும் அது சிதைந்து துருவாகும். அது இருந்த இடம் பொந்தாகும். சிதையாத பைரைட் பொன்போல் மின்னி ஏமாற்றும். சுத்தியலால் தட்டினால் அது பொடியாகிவிடும். பொன்னோ நொறுங்காமல் தகடாகும். இறுதிச் சோதனை அரித்தலே. கல்லை இடித்துத் தூளாக்கி, மரத்தட்டில் நீரூற்றி அலசினால், குவார்ட்சைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு கனமான பொன் அடியில் தங்கும்.

இக்கலையைக் கோலார்ப் பகுதி மக்கள் முன்பே அறிந்திருந்தனர். 1802-இல் அங்குச் சென்ற பிரிட்டிஷ் படை அதிகாரி ஜான் வாரன், அவர்கள் பொன் அரிப்பதைக் கண்டு எழுதிவைத்தார். பின்னாளில் அங்கே தோண்டிய மைசூர் நிறுவனம் முதலை ஏறக்குறைய முழுவதும் இழந்தது. எஞ்சிய பணத்தைக் கொண்டு, முன்னோர் தோண்டிய பழங்குழிகளை ஒட்டி ஆழமாக இறங்கியபோதுதான், 1880-களின் நடுவில், புகழ்பெற்ற சாம்பியன் நரம்பு அகப்பட்டது. கருநிறப் பாறைக்குள் ஓடிய அந்நரம்பின் குவார்ட்சும் பளிச்சென்ற வெண்மை உடையதன்று, நீலச்சாம்பல் நிறமுடையது. அந்நரம்பைத் தொடர்ந்து 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்தனர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது.

அதே காலத்தில் நீலகிரியின் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளிலும் குவார்ட்ஸ் நரம்புகளைக் கண்டு இலண்டனில் நிறுவனங்கள் பல முளைத்தன. காப்பித் தோட்டங்கள் பொன்னிலமாக விலைபேசப்பட்டன. ஆலையில் கல்லை அரைத்தபோது கிடைத்த பொன்னோ செலவுக்கும் எட்டவில்லை. அங்கும் பொன் இல்லாமல் இல்லை. முதல் போட்டவர்கள் எண்ணிய அளவில் இல்லை, அவ்வளவே.

அந்தமானில் பொற்சுரங்கம் இல்லை. எனினும் வெண்கோடு கண்ட இடத்தில், அது குவார்ட்ஸ்தானா என்னும் முதற்கேள்வியை இங்கும் கேட்கலாம். பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளில் படிந்திருப்பது கால்சைட் என்னும் வேறு கனிமம். கால்சைட்டில் இரும்பு ஆணி கீறும். வினிகர் பட்டால் நுரைக்கும். குவார்ட்சை ஆணி கீறாது. அதுவே கண்ணாடியைக் கீறும்.

பயிற்சி

1. நரம்பில் பழுப்பு நிறமும் பொந்துகளும் தோன்றுவது எவ்வாறு?
2. கோலாரிலும் தேவாலாவிலும் விளைவுகள் வேறுபட்டதை ஐந்து வரிகளில் எழுதுக.
3. ‘அரித்தல்’ என்னும் சொல் இப்பாடத்தில் எப்பொருள்களில் வந்துள்ளது?