நம்பிக்கைகளும் உண்மைகளும்: முன் டிஃபரன்ஷியலும் தோட்டத்து ரோடும்

மஸ்கெலியாவில் பழைய ஜீப் ஒன்று ஏற்றத்தில் திணறினால், கராஜில் நிற்கிற நாலு பேரில் ஒருவராவது சொல்லிவிடுவார்: “முன்னுக்கு ஒரு லொக் போட்டிருங்கண்ணே, எந்த ஏத்தமும் ஏறும்.” லொக் என்றால், ஒரு ஆக்சிலின் இடது, வலது சக்கரங்கள் சேர்ந்தே சுழலும்படி டிஃபரன்ஷியலைப் பூட்டும் பொறி. நல்ல மனதோடு சொல்லப்படும் யோசனைதான். ஆனால் மேல் டிவிஷனுக்குப் போகும் ரோட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கான், மறு பக்கம் பள்ளம், இடையில் மழையில் ஊறிய மண். ராத்திரியில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்கு இறக்குவதும் பல நேரம் அந்த ஜீப்தான். அதனால், காசைக் கொட்டுவதற்கு முன் சில நம்பிக்கைகளைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

“ஃபோர் வீல் போட்டால் நாலு சக்கரமும் இழுக்கும்.” இழுக்காது. சாதாரண டிஃபரன்ஷியல் இடது, வலது இரண்டுக்கும் எப்போதும் சம அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். வழுக்கும் சக்கரத்தைச் சுழற்ற எவ்வளவு போதுமோ, பிடிப்புள்ள சக்கரத்துக்கும் அவ்வளவேதான். முன் இடது சக்கரம் கானுக்குள் இறங்கி, பின் வலது சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டால் அந்த இரண்டும் சும்மா சுற்றும். நிலத்தில் நிற்கிற மற்ற இரண்டும் அசையாது. டிஃபெண்டர் வைத்திருப்பவர்கள் “எங்களுக்குத்தான் கம்பெனி லொக் இருக்கே” என்பார்கள். அந்த லீவர் பூட்டுவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையிலுள்ள நடு டிஃபரன்ஷியலை மட்டும். இடது வலது பிரச்சினை அப்படியே இருக்கும்.

அடுத்தது, நான் மிகவும் அஞ்சும் நம்பிக்கை: “முன்னுக்கு லொக் போட்டால் பாதுகாப்பு.” ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்னுக்குச் சாய்கிறது, முன் சக்கரங்கள் லேசாகின்றன. ஆகவே நேர் ஏற்றத்தில் பின் லொக்தான் அதிகம் உழைக்கும். இங்கே ரோடு நேராகவும் இருப்பதில்லை. பெரும்பாலும் பள்ளத்துப் பக்கம் சரிந்தே கிடக்கும். லொக் இல்லாத ஆக்சிலில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது நிலத்தைப் பிடித்து நிற்கும். அந்தப் பிடிதான் வண்டியைப் பக்கவாட்டில் சரியவிடாமல் வைத்திருக்கிறது. பூட்டிய ஆக்சிலில் இரண்டும் சேர்ந்து சுழலும். இரண்டும் சேர்ந்தே பக்கப்பிடியை விட்டுவிடும். இது முன் ஆக்சிலில் நடந்தால், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டியின் மூக்கு பள்ளத்தை நோக்கியே இறங்கும். கொண்டை ஊசி வளைவிலும் இதே தொல்லை. வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், லொக் விடாது. ஸ்டியரிங் கனத்து, வண்டி திரும்பாமல் நேரே தள்ளும்.

பெரிய கம்பெனிகள் இதை எப்படிக் கையாண்டன என்று பாருங்கள். டொயோட்டா லேண்ட் குரூஸர் 80 வரிசையில் இரண்டு லொக்கும் உள்ள வண்டிகளில் ஒரு திருகு சுவிட்ச் இருக்கும். ஒரு திருப்பில் பின் ஆக்சில், அடுத்த திருப்பில்தான் அதோடு முன் ஆக்சிலும். முன்னை மட்டும் தனியாகப் பூட்ட அந்த சுவிட்சில் இடமே இல்லை. 2020 மஹிந்திரா தாரிலும் இயந்திர லொக் பின்னுக்குத்தான். முன் ஆக்சிலை பிரேக் மூலம் கட்டுப்படுத்தினார்கள். 2018இல் வந்த ஜிம்னியும் சுழலும் சக்கரத்துக்கு பிரேக் கொடுத்து, எதிர்ச் சக்கரத்துக்கு விசையை அனுப்புகிறது.

“லொக் போட்டால் ஆக்சில் பலமாகும்” என்பதும் தலைகீழ். லொக் இல்லாதபோது ஒவ்வொரு அரை ஷாஃப்டும் பாதி விசையைத்தான் தாங்குகிறது. லொக் போட்டபின் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிடிப்பு கிடைத்தால், முழு விசையும் அந்த ஒரு ஷாஃப்டில் வந்து விழும். முன் ஆக்சிலில் திரும்பும் மூட்டு வேறு இருக்கிறது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தபடி ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் உடைவது அந்த மூட்டுதான். உண்மையிலேயே பலம் வேண்டுமென்றால் வேறு வேலை இருக்கிறது: பழைய லேண்ட் ரோவரின் இரண்டு பினியன் டிஃபரன்ஷியலுக்குப் பதில் நாலு பினியன் வகையைப் போடுவது, ஷாஃப்டையும் மூட்டையும் தரமானதாக மாற்றுவது.

அப்படியானால் முன்னுக்கு எதுவுமே வேண்டாமா? வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பின் லொக் ஏற்கனவே இருந்து, நல்ல டயரும் போட்டு, மண் ரோட்டில் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து மெதுவாக ஓட்டியும் ஏறாத இடம் இருந்தால் யோசிக்கலாம். என் தேர்வு இரண்டுதான். ஒன்று, தேவைப்படும்போது மட்டும் பூட்டி உடனே விடக்கூடிய காற்று லொக் அல்லது மின் லொக். மற்றது, டோர்சன், ட்ரூட்ராக் போன்ற பல்சக்கர வகை. இது ஸ்டியரிங்கோடு மல்லுக்கு நிற்காது. ஒரு சக்கரம் முழுதாக அந்தரத்தில் நின்றால் மட்டும் இந்த வகை தடுமாறும். அப்போது பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் கொடுத்தால் எதிர்ச் சக்கரம் வேலை செய்யத் தொடங்கும். தானாகப் பூட்டிக்கொள்ளும் லொக்கை, டிஃபெண்டர் போல எப்போதும் நாலு சக்கரமும் ஓடும் வண்டியின் முன் ஆக்சிலில் போடவே கூடாது என்பேன். அது தார் ரோட்டு வளைவிலும் ஸ்டியரிங்கை இழுக்கும்.

“பொருந்துகிற டிஃபரன்ஷியல் எதுவும் போடலாம்.” 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025இல் மீண்டும் திறக்கும்வரை, இருந்த வண்டியைப் பிரித்துப் பூட்டித்தான் பலர் ஓட்டினார்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கழற்றிய டிஃபரன்ஷியல் வாங்குவது வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் பழைய சீரிஸ் லேண்ட் ரோவரின் விகிதம் 4.7. டிஃபெண்டரில் 3.54. இரண்டும் ஒரே ஆக்சில் கூட்டில் உட்காரும். முன்னுக்கு மட்டும் டிஃபெண்டருடையதைப் போட்டுவிட்டால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.7 சுற்றும், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.54 சுற்றும் சுற்ற வேண்டும். சீரிஸ் வண்டியில் ஃபோர் வீல் போட்டதும் இரண்டு ஷாஃப்டும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டுவிடும். அதன்பின் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முறுகி, எது பலவீனமோ அது உடையும். மாற்றினால் இரண்டையும் மாற்றுங்கள்.

வாங்கும் முன் விகிதத்தைச் சரிபார்க்க கிரவுன் வீலின் பல்லை எண்ணி, பினியனின் பல்லால் வகுத்தால் போதும். வண்டியில் பூட்டியிருப்பதென்றால் வண்டியைப் பத்திரமாகத் தூக்கி நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, எதிர்ச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டில் சோக்கால் போட்ட கோடு எத்தனை சுற்று வருகிறதோ, அதுதான் விகிதம். லொக் இல்லாத டிஃபரன்ஷியலுக்கு மட்டுமே இந்தக் கணக்கு.

எதைப் பூட்டினாலும் ஆக்சிலின் மூச்சுக் குழாயை மறக்காதீர்கள். ஏற்றம் ஏறிச் சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். குழாயை நீட்டி என்ஜின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். மழைக்காலம் முடிந்ததும் வடிகால் போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள். ஒயில் பால்தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்; பேரிங் போனால் புது லொக்கும் சேர்ந்து போகும்.