விமானப் பயணம்: நோயாளிகள் அறிய வேண்டிய தூரமும் நேரமும்

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர் பலர், "இனி விமானத்தில் போகலாமா?" என்று எம்மிடம் கேட்கின்றனர். எங்கே போகிறீர்கள் என்பதே எமது முதல் கேள்வி.

கோயம்புத்தூர் விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒரு மணிக்குச் சற்றே அதிகம். தில்லி 1,950 கிலோமீட்டர். சுமார் மூன்று மணி நேரம். பின்னலாடை வணிகத்திற்காகவும் பிள்ளைகளைக் காணவும் நம் பகுதியினர் செல்லும் சார்ஜா ஏறத்தாழ 2,800, சிங்கப்பூர் 3,200 கிலோமீட்டர். இவ்விரண்டுக்கும் நான்கு மணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ ஆகும்.

இந்த நான்கு மணி நேரம் மருத்துவத்தில் ஓர் எல்லைக்கோடு. கெண்டைக்கால் தசைகள் அசையும்போதுதான் காலிலுள்ள இரத்தம் இதயத்தை நோக்கி எளிதில் மேலேறுகிறது. நெடுநேரம் அசையாது அமர்ந்தால் இரத்தம் தேங்கி, ஆழ்சிரைகளில் உறைகட்டி உண்டாகலாம். நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணத்தில் இந்த ஆபத்து ஏறத்தாழ இருமடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. உடல்நலமுள்ளோரில் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கே நேர்கிறது. அண்மையில் இடுப்பு, முழங்கால் அறுவை செய்துகொண்டோர், புற்றுநோயாளிகள், கர்ப்பிணிகள், முன்பு உறைகட்டி வந்தோர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம்.

இது விமானத்திற்கு மட்டும் உரியதன்று. மங்கலத்திலிருந்து சென்னைக்குப் பேருந்தில் இரவு முழுவதும் அமர்ந்து செல்பவர், சிங்கப்பூர் செல்பவரைவிட அதிக நேரம் காலைத் தொங்கவிட்டிருக்கிறார்! இதைப் பலரும் எண்ணிப்பார்ப்பதில்லை.

நுரையீரலுக்கோ தூரம் ஒரு பொருட்டன்று. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்கு ஒப்பானது. ஏறத்தாழ உதகமண்டலத்தின் உயரம். சென்னைக்குப் பறக்கும் குறுகிய நேரத்திலும் இதே நிலைதான். உதகையில் மூச்சுத் திணறுபவர், தம் மருத்துவரைக் கேளாமல் பயணச்சீட்டு எடுக்கலாகாது.

எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போட்டிருந்தால், இரண்டு மணி நேரத்திற்குக் குறைந்த பயணத்திற்கு 24 மணி நேரமும், நீண்ட பயணத்திற்கு 48 மணி நேரமும் காத்திருப்பது வழக்கம். கட்டின் உள்ளே சிக்கிய காற்று விரிவடைந்தும் கால் வீங்கியும் இரத்த ஓட்டத்தைத் தடுக்கலாம்.

பயணத்தில் மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கவும். இயலாதபோது பாதங்களை மேலும் கீழும் அசைக்கவும். தண்ணீர் போதிய அளவு அருந்தவும். தூக்க மாத்திரை வேண்டாம். ஆஸ்பிரினைத் தாமாகவே விழுங்குவதும் கூடாது.

ஊர் வந்து சேர்ந்த பின்னும் நான்கு வாரங்கள் வரை கவனம் தேவை. ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ தோன்றினால் அன்றே மருத்துவரிடம் காட்டவும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதியாது 108-ஐ அழைக்கவும்; அண்மையில் பயணம் செய்ததையும் மறவாமல் கூறவும்.