கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

கோடியக்கரைக்கு அப்பால் பஸ் போகாது, அங்கிருந்து கடல்தான். குடியை விடுவதற்காகக் கூட்டம் தேடி இந்த ஊரிலிருந்து கிளம்புகிறவர், திரும்பி வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

நான் மீன் ஏலக் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவன். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை எங்களுக்குச் சீசன். வெளியூர் மீனவர்கள் வந்து கரையில் கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் பார்ப்பார்கள். பாடு நன்றாக இருந்தால் அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு பாட்டில், இல்லையென்றால் அந்த வருத்தத்துக்கு ஒன்று. ரொக்கம் புரள்கிற இந்த மாதங்களில் குடியை நிறுத்துவது மகா கஷ்டம். ஆகவே கூட்டம் தேடுகிற வேலையை ஆவணி, புரட்டாசியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கார்த்திகையில் மாலை போட்டால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். மாலை போட்டிருந்தவரை சொட்டுக்கூடத் தொடாதவர்களை எனக்குத் தெரியும். கழற்றிய அன்று சாயங்காலம் அவர்கள் எங்கே நின்றார்கள் என்பதும் தெரியும், நானும் அங்கேதான் நின்றேன்.

விடிந்ததும் ஊற்றிக்கொள்கிற அளவுக்குப் போனவர்கள் கூட்டத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் வராது. சிலருக்கு இரண்டு மூன்று நாளைக்குள் வலிப்பு வரும், இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. 14446 என்ற இலவச எண்ணில் கேட்டால் பக்கத்தில் எங்கே போகலாம் என்று சொல்வார்கள். வீட்டுப் பெண்களுக்கு ஒன்று: யாரோ கொடுத்த மாத்திரையைக் குழம்பில் கலந்து விடாதீர்கள். டைசல்ஃபிரம் உள்ளே போனது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து செத்தும் போகலாம்.

நான் தேடியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இரண்டு குடிகாரர்களாக உட்கார்ந்து பேசத் தொடங்கியது. அவர்களுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் குடவாசல் பக்கத்துக்காரர்.

“எந்த ஊரு தம்பி?”

“கோடியக்கரைங்க.”

“அடேங்கப்பா! வேதாரண்யத்துலேர்ந்து கடைசி பஸ் எப்ப?”

சொன்னேன்.

“அப்ப கூட்டம் முடியறதுக்கு முன்னாடியே எழுந்திரிச்சுக் கிளம்பிடுங்க. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க.”

எவ்வளவு குடிக்கிறாய், எத்தனை வருஷமாய் என்றெல்லாம் அவர் கேட்கவே இல்லை. அவர் மஞ்சக்குடி முகாமில் தெளிந்தவர் என்பது பின்னால்தான் தெரிந்தது. குடிப்பழக்கத்துக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கியவர். பட்டணத்துக்கு வர முடியாதவர்களுக்காக அந்த மருத்துவமனைக்காரர்கள் மஞ்சக்குடியிலேயே முகாம் போட்டார்கள். அந்த அனுபவத்தை சாந்தி 1994இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் எழுதியிருக்கிறார். நம் டெல்டாக் கிராமம் ஒன்று அதில் பாடமாகியிருக்கிறது, நமக்குத்தான் தெரியாது.

போன் செய்யும்போதே, அது திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்ததற்கு வீட்டாரையும் கூட்டிப் போகலாம்; மூடியது குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். போர்டு தேடி அலைய வேண்டாம். நான் போனது ஒரு சர்ச் வளாகத்தின் பின்கட்டு அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், பிளாஸ்கில் டீ. பேர் சொன்னால் போதும், சொல்லாவிட்டாலும் போதும். இன்னார் மகன், இன்ன தெரு என்கிற விசாரணை இல்லை. நம் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வந்தது. பழைய ஆட்கள் பத்து, இருபது போட்டார்கள். நான் சட்டைப் பையில் கை விட்டபோது, “மொத நாளு, வேணாம்ணே” என்று பக்கத்துப் பையன் தடுத்தான்.

சேருவதற்குக் கட்டணம் கேட்டால் அது ஏ.ஏ. இல்லை. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஆளைப் பூட்டிவைக்கிற இடங்களும் மறுவாழ்வு மையம் என்ற பேரில்தான் இருக்கின்றன. மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று பார்க்காமல் யாரையும் கொண்டுபோய் விடாதீர்கள்.

போனிலேயே கூட்டம் நடக்கிறது, தமிழிலும் உண்டு. காட்டோரம் சிக்னல் அறுந்துவிடுவதால் நான் உப்பளப் பக்கம், அகஸ்தியம்பள்ளி வரை பைக்கில் போய் நின்று கேட்பேன். ஒன்றுமில்லாததற்கு அது தேவலை. ஆனால் போனை வைத்த அடுத்த நிமிஷம் நாம் தனி ஆள்.

இரண்டு மூன்று பேர் இதற்கென்று கூடினாலே அதைக் குழுவாக ஏற்பது ஏ.ஏ. மரபு. அந்தத் தைரியத்தில் வேதாரண்யத்தில் நாங்கள் மூன்று பேர் கூடுகிறோம்: நான், ஓர் உப்பள லோடுமேன், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். சீசனில் ஏலம் முடிந்த கையோடு வைத்துக்கொள்கிறோம், ஏனென்றால் கால் டாஸ்மாக் பக்கம் திரும்புகிற நேரம் அதுதான். நீங்களும் இப்படி ஆரம்பித்தால் பக்கத்து ஊர்க் குழுவுக்குத் தெரிவித்துப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டம் நின்றுபோனால் அதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். பழைய முகவரியை நம்பி இரண்டு பஸ் மாறி வந்து, பூட்டிய கதவைப் பார்க்கிறவன் நேரே வீட்டுக்குப் போக மாட்டான்.