வாய்க்கு ருசி தெரியவில்லையா?

இலண்டனில் எம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. வயதான அம்மாவுக்கோ அப்பாவுக்கோ எந்தக் கறியும் உப்பில்லாதது போலத் தெரியும். முதலில் மருமகள் மேல் குறை வரும். பிறகு கோப்பையில் உப்பு ஏறும். இரத்த அழுத்தம் உள்ளவருக்கு இது ஆபத்து. குறை சட்டியில் இல்லாமல் வாயிலும் இருக்கலாம்.

உணவு உமிழ்நீரில் கரைந்தால்தான் நாவின் சுவையரும்புகள் அதை உணரும். காதுக்கு முன்னாலுள்ள பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி, நாகம் அடங்கிய ஒரு நொதியத்தைச் சுரக்கிறது. (தமிழ்நாட்டார் துத்தநாகம் என்பர். நாங்கள் ஊரில் படித்தது நாகம், பாம்பல்ல!) சுவையரும்புகளின் வளர்ச்சிக்கு இந்த நொதியம் உதவுவதாகக் கருதப்படுகிறது. நாகம் குறைந்த உணவு கொடுத்த எலிகளின் தாடைச் சுரப்பியில் இவ்வகை நொதியத்தின் செயற்பாடு குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

மனிதருக்கும் நாகக் குறைபாடு வரும் என்று காட்டியவர் பீகாரில் பிறந்த வைத்தியர் ஆனந்த பிரசாத். 1958இல் ஈரானின் ஷிராஸ் நகரில் 21 வயது இளைஞர் ஒருவர் பத்து வயதுப் பையன் போல வளர்ச்சி குன்றியிருப்பதைக் கண்டார். அவர் உண்டது பெரும்பாலும் புளிக்க வைக்காத ரொட்டி, களிமண்ணும் தின்பாராம். தானியத்திலுள்ள பைற்றேற்று என்னும் பொருள் நாகத்தைப் பிடித்துக்கொண்டு குடல் உறிஞ்ச விடாது. கணக்காளன் பாஷையில் சொன்னால், சாப்பிட்டது வேறு, உடம்பு வரவு வைத்தது வேறு.

மரக்கறி உண்போர் இதைக் கவனிக்க வேண்டும். பயறு, கடலையில் நாகமும் உண்டு, பைற்றேற்றும் உண்டு. ஊறவைத்து முளைக்கவிட்டால், தோசை மாவைப் போலப் புளிக்க வைத்தால், பைற்றேற்று குறையும். எள்ளு, கச்சான், தயிர் சேருங்கள். மச்சம் உண்போருக்கு இறைச்சியிலும் நண்டிலும் தாராளமாகக் கிடைக்கும்.

உடனே கடைக்கு ஓடி மாத்திரை வாங்க வேண்டாம். பிரித்தானிய சுகாதார சேவையின் கணக்கில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 9.5 மில்லிகிராம், பெண்களுக்கு 7 மில்லிகிராம் போதும். வைத்தியர் சொல்லாமல் 25க்கு மேல் எடுக்கக் கூடாது. நாகம் மிஞ்சினால் செம்பு உடலில் சேராது, இரத்தசோகை வரும். அத்துடன் சலரோகம், சில பிரஷர் மாத்திரைகள், பொருந்தாத பொய்ப்பல் ஆகியவையும் ருசியைக் கெடுக்கலாம்.

வைத்தியரிடம் போகும்போது எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். பேரப்பிள்ளை மொழிபெயர்த்தால் "பசியில்லையாம்" என்பதோடு விஷயம் முடிந்துவிடும். வாய் காய்கிறதா, ருசி தெரியவில்லையா, மணம் தெரியவில்லையா என்று பிரித்துச் சொல்லுங்கள்.