மூக்கைப் பிடித்தால் ருசி போச்சு

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள பாலிக் புலாவில், சாலையோரக் கடையில் முதல் டுரியான் சுளையை மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். கூட வந்த டிரைவர் தம்பி சிரித்தார்: "மூக்கைப் பிடிச்சா ருசி எப்படிண்ணே தெரியும்?" நியாயம்தான். பாதி ருசி மூக்கில்தானே இருக்கிறது. இரண்டாவது சுளையில் கஸ்டர்டின் ருசியும் வதக்கிய வெங்காயத்தின் வாடையும் சேர்ந்தே வந்தன.

நம்பிக்கை: இப்படி நாறினால் அழுகிய பழம்.
உண்மை: பழுத்த பழம். வாடைக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள். பழுக்கப் பழுக்க எத்தியோனின் என்ற அமினோ அமிலம் கூடி, அதிலிருந்து நெடியடிக்கும் எத்தேன்தயால் பிறப்பதை மியூனிக் ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். பெருங்காய நெடியும் கந்தகத்தால் வருவதுதான். அதைச் சாம்பாரில் கரைத்துக் குடிக்கும் நாம் முகம் சுளிப்பது கொஞ்சம் அதிகம். மலேசியாவில் பழம் தானாக விழக் காத்திருப்பார்கள். தாய்லாந்தில் முன்பே வெட்டி இறக்குவதால் வாடை மட்டு.

நம்பிக்கை: டுரியான் தின்றுவிட்டு மது குடித்தால் சாவு.
உண்மை: சாவு என்பதற்கு ஆதாரமில்லை, ஆனால் முழுக் கட்டுக்கதையும் இல்லை. மது உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும்; அதை அகற்ற ஒரு நொதி உண்டு. டுரியான் சாறு அந்த நொதியை 70 சதவீதம் வரை முடக்கியதை ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழகத்தார் 2009இல் கண்டார்கள். அது சோதனைக் குழாயில் நடந்தது. உடம்பிலும் அப்படி நடந்தால் முகம் சிவக்கலாம், குமட்டலாம். பழத்துக்குத் துணையாக இளநீர் போதும்.

நம்பிக்கை: கொலஸ்ட்ரால் ஏறும்.
உண்மை: எந்தப் பழத்திலும் கணக்கில் எடுக்கும் அளவுக்குக் கொலஸ்ட்ரால் கிடையாது. 100 கிராமில் சுமார் 150 கலோரி இருப்பதுதான் விஷயம். சர்க்கரை நோயாளிகள் அளவு பார்க்க வேண்டும்; பொட்டாசியம் நிறைய உள்ளதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

நம்பிக்கை: தின்றால் பிள்ளை பிறக்கும்.
உண்மை: குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் தோட்டக்கலைப் பண்ணையின் டுரியானைத் தேடி இதற்காகவே தம்பதிகள் வருகிறார்கள். மருத்துவ ஆதாரம் கிடையாது. பழத்தை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

டுரியான் ஓட்டின் உட்குழியில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவினால் வாடை போகும் என்றார் பாலிக் புலா கடைக்காரர். போனது. ஓட்டின் மகிமையா, நான் தேய்த்த தேய்ப்பா, தெரியவில்லை. மிச்சச் சுளைகளோடு ஹோட்டலுக்குத் திரும்பினால், வாசலில் டுரியான் படத்தின்மேல் சிவப்புக் கோடு. படியிலேயே உட்கார்ந்து தின்று முடித்தோம்.